ஒரு சாயா... வித்தவுட்!

திருவனந்தபுரத்துக்கு மாற்றலாகி வந்த புதுசில் எனக்கு ஒரு விஷயம் வேடிக்கையாக இருந்தது. எங்கள் பேங்குக்கு எதிரே இருக்கிற டீக்கடையில் போய் நின்றால் பத்துப் பேரில் நாலு பேர் "சேட்டா, ஒரு வித்தவுட்" என்பார்கள். நம்ம ஊரில் வித்தவுட் என்றால் டிக்கெட் எடுக்காமல் ரயிலில் போகிறவன். இங்கே சர்க்கரை போடாத டீ. "என்ன ஊருய்யா இது, இத்தனை பேருக்கா சுகர்?" என்று மனசுக்குள் சிரித்துக்கொண்டே, ரெண்டு ஸ்பூன் போட்ட சாயாவையும் ஒரு பழம்பொரியையும் உள்ளே தள்ளிவிட்டு வருவேன்.

போன ஜூனிலிருந்து நானும் வித்தவுட் கட்சி.

ஆபீஸில் வருஷா வருஷம் செய்துகொள்ளச் சொல்கிற முழு உடல் பரிசோதனை. வழக்கமாக ரிப்போர்ட்டை வாங்கி டிராயரில் போட்டுவிடுவேன். இந்த முறை லேப் பெண்ணே போன் செய்து, "சார், டாக்டரை ஒன்னு காணணும்" என்றாள். வெளியே ஜூன் மாதத்து மழை கொட்டிக்கொண்டிருந்தது. காரில் உட்கார்ந்தபடியே கவரைப் பிரித்தேன். வெறும் வயிற்றில் 168. சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழித்து 274. எச்பிஏ1சி 8.9.

வயது 46. எடை 82 கிலோ. படித்தது பி.காம். எண்களைப் பார்த்துப் பயப்படுகிற ஜாதி இல்லை நாங்கள். ஆனாலும் வைப்பர் நாலைந்து முறை ஓடி நிற்கும் வரை வண்டியை எடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்து தங்கமணியிடம் நீட்டினேன். அவள் ரிப்போர்ட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு என் தொப்பையைப் பார்த்தாள். "நான் ரெண்டு வருஷமா சொல்றேன்" என்று ஆரம்பிப்பாள் என்று நினைத்தேன். ஒன்றும் சொல்லவில்லை. "அம்மாகிட்ட இப்ப சொல்ல வேண்டாங்க" என்றாள். அது ஏன் என்பதற்குப் பின்னால் வருகிறேன்.

*

முதலில் அந்த எண்களைப் பற்றி. எனக்குப் புரிந்த பாஷையில் சொல்கிறேன், டாக்டர்கள் மன்னிக்கவும்.

வெறும் வயிற்றுச் சர்க்கரை என்பது காலையில் கவுண்டர் திறக்கும்போது இருக்கிற ஓப்பனிங் பேலன்ஸ். 100-க்குக் கீழே இருந்தால் நல்லது. 126-ம் அதற்கு மேலும் போனால் சர்க்கரை நோய். சாப்பிட்ட பிறகு பார்ப்பது நடுப்பகல் நிலவரம். இந்த ரெண்டுமே அந்தந்த நிமிஷத்துக் கணக்குதான். எச்பிஏ1சி என்பது வேறு ஜாதி. ரத்தச் சிவப்பணு ஒன்று சுமார் 120 நாள் உயிரோடு இருக்கும். அத்தனை நாளும் அதன் மேல் எவ்வளவு சர்க்கரை ஒட்டியது என்று பார்க்கிற கணக்கு இது. எங்கள் பாஷையில் காலாண்டுச் சராசரி இருப்பு. 6.5 தொட்டால் நோய். என்னுடைய 8.9-ஐச் சராசரிச் சர்க்கரையாக மாற்றினால் 209 வருகிறது. அதாவது நான் டீக்கடையில் நின்று அடுத்தவனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த அந்த மூன்று மாதமும் என் ரத்தத்தில் சராசரியாக 209 ஓடியிருக்கிறது!

டீக்கடையில் நான் கண்ட காட்சி பொய்யில்லை என்பதும் பிறகுதான் தெரிந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னையில் டாக்டர் மோகன், டாக்டர் அஞ்சனா குழுவினரும் சேர்ந்து நாடு முழுக்க எடுத்த கணக்கு 2023-ல் லான்செட் இதழ்க் குழுமத்தில் வெளியானது. இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய். மாநில வாரியாகப் பார்த்தால் கோவா 26.4 சதவீதம், புதுச்சேரி 26.3, அடுத்து கேரளம் 25.5. நாலு பெரியவர்களில் ஒருவர். நம் தமிழ்நாடு 14.4. "பாத்தியா, நம்ம ஊர்லயே இருந்திருக்கலாம்" என்றேன். "அங்க இருந்திருந்தா மட்டும் நீங்க என்ன, அளந்தா சாப்பிட்டிருப்பீங்க?" என்றாள் தங்கமணி. பதில் இல்லை.

*

டாக்டர் அம்மா நல்லவர். மெட்ஃபார்மின் 500 எழுதிக் கொடுத்தார், சாப்பாட்டோடு காலையும் இரவும். கண், கால், சிறுநீர் மூன்றையும் சோதிக்கச் சொன்னார். அப்புறம் மலையாளமும் தமிழும் கலந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார். "சோறு எத்ர?"

ஒரு தட்டு என்றேன்.

"தட்டு எத்ர?"

இதற்கு எங்கள் குடும்பத்தில் யாரும் இதுவரை பதில் சொன்னதில்லை. நான் கும்பகோணம் பக்கத்து ஆள். காவிரித் தண்ணி, பொன்னி அரிசி. சாம்பாருக்கு ஒன்று, ரசத்துக்கு ஒன்று, மோருக்கு ஒன்று. இதில் அளவு என்பது இலையில் இடம் இருக்கிறதா என்பது மட்டும்தான். அன்றைக்கு இரவு முதல் முறையாக ஒரு கப்பை வைத்து அளந்து பார்த்தோம். ஒரு கப் சாதத்தில் சுமார் 45 கிராம் மாவுச்சத்து. என் மதியச் சாப்பாடு மூன்றரைக் கப். அதற்கு மேல் உருளைக்கிழங்குப் பொரியலைச் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள! மாவுக்கு மாவே துணை.

எல்லாரையும் போல நானும் முதல் வாரம் சப்பாத்திக்கு ஓடினேன். ராத்திரி சோறு கட், நாலு சப்பாத்தி. பெரிய தியாகம் செய்த நினைப்பு. தங்கமணி குளுக்கோமீட்டர் ஒன்று வாங்கி வந்திருந்தாள். ரெண்டு மணி நேரம் கழித்துக் குத்திப் பார்த்தால் 241. ஒரு சப்பாத்திக்கு 20 கிராம் போட்டாலும் நாலுக்கு 80 கிராம். கிட்டத்தட்ட ரெண்டு கப் சோறு. பெயரை மாற்றி அதே கடனைப் புதுப்பித்திருக்கிறேன், அவ்வளவுதான்!

அதற்குப் பிறகுதான் புத்தி வந்தது. அடுத்தவன் சொல்வதைக் கேட்காமல் நாமே சோதித்துப் பார்ப்போம் என்று எக்ஸெலில் ஒரு லெட்ஜர் திறந்தேன். தேதி, என்ன சாப்பிட்டேன், எவ்வளவு, முதல் வாயிலிருந்து ரெண்டு மணி நேரம் கழித்து எவ்வளவு. ரெண்டு மாதப் பதிவிலிருந்து சில வரிகள் (இது என் உடம்பின் கணக்கு, உங்களுடையது மாறும்):

நாலு இட்லி, சாம்பார் - 228.
ரெண்டு இட்லி, சாம்பார், ரெண்டு முட்டை - 159.
பாக்கெட் ஓட்ஸ் கஞ்சி, பாலோடு - 212. (உடம்புக்கு நல்லது என்று படம் போட்டிருந்தார்கள்.)
கேழ்வரகுக் கஞ்சி - 206.
புட்டும் ஏத்தம்பழமும் - 251.
அரைக் குழாய் புட்டு, நிறையக் கடலைக்கறி - 164.
மூன்றரைக் கப் மட்டை அரிசிச் சோறு - 236.
ஒரு கப் மட்டை அரிசிச் சோறு, அவியல், தோரன், மீன் - 151.

மட்டை அரிசி பற்றி ஒரு வார்த்தை. சிவப்பாக, தடியாக இருக்கிற இந்த அரிசியை வந்த புதுசில் என்னால் விழுங்க முடியவில்லை. இப்போது பிடித்துவிட்டது. தவிடு கொஞ்சம் ஒட்டியிருப்பதால் நார்ச்சத்து உண்டு, மெல்ல வேண்டியிருப்பதால் குறைவாகவும் இறங்குகிறது. ஆனால் சிவப்பு அரிசி என்றால் எவ்வளவும் சாப்பிடலாம் என்பது கதை. அதுவும் அரிசிதான், அளவு வேண்டும். வெல்லம், கருப்பட்டி, தேன் எல்லாமும் இதே கேஸ். கேழ்வரகை மாவாக அரைத்துக் கஞ்சியாகக் காய்ச்சினால் வேகமாக ஏறுகிறது. களியோ அடையோ சுட்டு, கூடக் கீரை, சுண்டல் என்று வைத்துக்கொண்டால் அந்த வேகம் இல்லை.

இன்னொரு விஷயம் சாப்பிடும் வரிசை. 2015-ல் நியூயார்க் வெயில் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் ஒரு சின்னச் சோதனை செய்தார்கள். அதே உணவு, அதே அளவு. காய்கறியும் இறைச்சியும் முதலில், மாவுச்சத்து கடைசியில் என்று வரிசையை மட்டும் மாற்றினார்கள். சாப்பிட்ட பிறகு ஏறுகிற சர்க்கரை கணிசமாகக் குறைந்தது. அதிலிருந்து முதலில் ஒரு கிண்ணம் தோரன், அடுத்து மீனோ பருப்போ, கடைசியில் சோறு. "சோத்துக்குத் தொட்டுக்கறதுதானே காயி, இவரு காயிக்கு சோத்தைத் தொட்டுக்கறாரு" என்று என் பெண் கிண்டல் செய்கிறாள். செய்யட்டும்.

2022-ல் அதே சென்னைக் குழுவினர் 18,090 பேரின் சாப்பாட்டுக் கணக்கை வைத்து ஒரு கட்டுரை போட்டார்கள். புதிதாக நோய் வந்தவர்கள் அதைப் பின்னுக்குத் தள்ள வேண்டுமானால், சாப்பாட்டுச் சக்தியில் மாவுச்சத்தின் பங்கு 49 முதல் 54 சதவீதம், புரதம் 19, 20 சதவீதம் என்று இருக்க வேண்டுமாம். நாம் பெரும்பாலும் 60-க்கு மேல் மாவுச்சத்திலேயே ஓட்டுகிறோம். ஆக, சோற்றை விட்டுவிடு என்று யாரும் சொல்லவில்லை. ஒரு பங்கைக் குறைத்து அந்த இடத்தில் பயறு, முட்டை, மீன், மோர் என்று வை என்கிறார்கள்.

*

இதையெல்லாம் படிக்கும்போது இந்த ஊர்க் கப்பைக் கிழங்கின் கதையும் கண்ணில் பட்டது. நம்ம மரவள்ளிதான். 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா, ஜனங்கள் பசியில் வாடக்கூடாது என்று இதைப் பரப்பினார். ரெண்டாம் உலகப் போர் சமயத்தில் பர்மா அரிசி வராமல் போனபோது இந்தக் கப்பைதான் பல குடும்பங்களைக் காப்பாற்றியது. இங்கே ஸ்ரீகாரியத்தில் 1963-லிருந்து கிழங்குகளுக்கென்றே மத்திய அரசின் ஆராய்ச்சி நிலையம் ஒன்று இருக்கிறது.

அன்றைக்குப் பசியைப் போக்கிய கிழங்கு அது. நாளெல்லாம் மண் வெட்டிய உடம்புக்கு அது பத்தாமல்கூட இருந்திருக்கும். காலை பத்திலிருந்து மாலை ஆறு வரை ஏசி அறையில் உட்கார்ந்து கடன் மனு பார்க்கிற உடம்புக்கு அதே தட்டு எப்படிச் சரியாகும்? என் தாத்தா மூன்று படி அரிசிக்காரர் என்று வீட்டில் பெருமையாகச் சொல்வார்கள். அவர் வயலுக்கு நடந்தார். அப்பா அதே அளவு சாப்பிட்டுவிட்டுக் கூட்டுறவுச் சங்கத்தில் உட்கார்ந்து கணக்கு எழுதினார்.

இப்போது அப்பா கதைக்கு வந்துதான் ஆக வேண்டும்.

*

ஓணம் வந்தது. திருவனந்தபுரத்து சத்யாவில் ஒரு விசேஷம் உண்டு. இலையில் போளியை வைத்து அதன் மேல் பால் பாயசத்தை ஊற்றித் தருவார்கள். நம்ம ஊர்ப் போளிதான், மஞ்சளாக, மெல்லிசாக. ஆபீஸ் சத்யாவில் ஒன்று என்று ஆரம்பித்தேன். பக்கத்து வீட்டில் ஒன்று. அசோசியேஷனில் ரெண்டு. அந்த வாரம் லெட்ஜரில் ஒரு பதிவும் இல்லை. குளுக்கோமீட்டர் அலமாரிக்குள் போய்விட்டது. கெட்ட கணக்கை யாராவது எழுதி வைப்பார்களா?

செப்டம்பரில் மறுபடியும் டெஸ்ட். ரெண்டு நாள் முன்னால் திடீரென்று ஞானம் பிறந்தது. மோரும் வெள்ளரிக்காயும், ராத்திரி ஒரு தோசை. காலை மாலை நடை. டெஸ்ட் அன்று வெறும் வயிற்றில் 104! டாக்டர் முன்னால் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்தேன்.

அவர் அடுத்த வரியைப் பார்த்தார். எச்பிஏ1சி 8.1.

"சார் பேங்கில் அல்லே?" என்றார். "மார்ச் மாசத்தில் நிங்ஙள் செய்யுமே, அதானோ இது?"

எனக்குக் காது சூடாகிவிட்டது. பேங்க்காரர்களுக்குப் புரியும். மார்ச் 31-க்கு முன்னால் தெரிந்த கஸ்டமரைக் கெஞ்சி டெபாசிட் வாங்கி, இலக்கை எட்டியதாகக் காட்டி, ஏப்ரல் ரெண்டாம் தேதி திருப்பிக் கொடுக்கிற வித்தை. விண்டோ டிரெஸ்ஸிங் என்போம். அதைக் கண்டுபிடிக்கத்தான் கடைசி நாள் இருப்பைப் பார்க்காமல் சராசரி இருப்பைப் பார்க்கிறார்கள். என்னையும் அப்படித்தான் பிடித்தார் டாக்டர்.

சிரித்துக்கொண்டே வெளியே வந்தேன். படி இறங்கும்போதுதான் உறைத்தது. இதை நான் முதல் முறை பார்க்கவில்லை.

அப்பாவுக்கு நாற்பத்தெட்டு வயதில் சுகர் வந்தது. மாதம் ஒரு தடவை கும்பகோணத்துக்குப் பஸ் ஏறிப் போய் டெஸ்ட். அதற்கு முந்தின ரெண்டு நாள் வெறும் மோர்ச்சோறு, அதுவும் அரை வயிறு. டெஸ்ட் எப்போதும் நன்றாகத்தான் இருக்கும். "பரவாயில்லையே" என்பார் டாக்டர். அந்தச் சந்தோஷத்தில் திரும்பும்போது அசோகா அல்வா பொட்டலம் வரும். எங்களுக்கு அப்பாவின் டெஸ்ட் நாள் என்றால் தீபாவளி மாதிரி. வாசலில் காத்துக்கொண்டிருப்போம். பொட்டலத்தில் பாதி அவரே சாப்பிடுவார். "இன்னிக்குத்தான் டெஸ்ட் முடிஞ்சாச்சே."

அவருடைய சின்ன நோட்டில் பத்து வருஷக் கணக்கும் சுத்தமாக இருக்கும். ஒரு எண்ணுக்குக்கூடச் சிவப்பு அடிக்கோடு கிடையாது. ஐம்பத்தெட்டு வயதில் வலது கால் கட்டை விரலை எடுத்தார்கள். பிறகு கண். பிறகு சிறுநீரகம். அறுபத்தொன்றில் போய்விட்டார். அந்த நோட்டு இன்னும் அம்மாவின் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது.

அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்று தங்கமணி சொன்னது இதனால்தான்.

*

நவராத்திரிக்கு அம்மா திருச்சி இன்டர்சிட்டியில் வந்து இறங்கினாள். கையில் எவர்சில்வர் டப்பா, உள்ளே அதிரசம். ஒரு சின்னத் தூக்கில் நெய்.

இங்கே நவராத்திரிக்குப் பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதி அம்மனையும், வேளிமலை முருகனையும், சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையையும் ஊர்வலமாக எழுந்தருளச் செய்து கொண்டுவருவார்கள். திருவிதாங்கூர் காலத்து வழக்கம். 1956-ல் கன்னியாகுமரி தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகும் நிற்கவில்லை. அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். "பாவம், அவங்களும் நம்ம மாதிரி தமிழ்நாட்டுலேர்ந்துதான் வர்றாங்களா" என்றாள்.

முதல் நாள் மதியம் அம்மாதான் பரிமாறினாள். என் தட்டில் கரண்டியைக் கவிழ்த்தாள். "போதும்மா" என்றேன். "என்னடா போதும், கொசு சாப்பிடற மாதிரி" என்று இன்னொரு கரண்டி. தங்கமணி என்னைப் பார்த்தாள். நான் தட்டைப் பார்த்தேன். சாப்பிட்டுவிட்டேன். ரெண்டு மணி நேரம் கழித்துக் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு குத்திப் பார்த்தேன். 233. அம்மாவுக்குத் தெரியாமல் ஸ்ட்ரிப்பைக் காகிதத்தில் சுருட்டிக் குப்பையில் போட்டேன். நாற்பத்தாறு வயதில், சிகரெட்டை மறைக்கிற காலேஜ் பையன் மாதிரி.

மூன்றாம் நாள் சாப்பாட்டில் அம்மாவே கேட்டாள். "உனக்கும் வந்துடுச்சா?"

குப்பையைக் கொட்டும்போது ஸ்ட்ரிப்பைப் பார்த்திருக்கிறாள். அப்பாவுக்குக் கடைசி வருஷங்களில் வீட்டிலேயே குத்திப் பார்த்தது அவள்தான், அவளுக்கா தெரியாது?

ஆமாம் என்றேன். அழுவாள் என்று பயந்தேன். அழவில்லை. கரண்டியைப் பாத்திரத்திலேயே வைத்துவிட்டு உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னாள்.

"உங்கப்பாவுக்கு நான் தெரிஞ்சேதான்டா போட்டேன். தட்டை நீட்டற மனுஷன்கிட்ட வேண்டாம்னு சொல்ல வாய் வரல. டெஸ்டுல நல்லாத்தானே வருதுன்னு அவர் சொல்லுவார். எனக்குத் தெரியும் எப்படி நல்லா வருதுன்னு. நானும் சேந்துதான் ஏமாத்தினேன்."

எனக்குச் சொல்வதற்கு ஒன்றும் கிடைக்கவில்லை. எழுந்து போய் லேப்டாப்பை எடுத்து வந்து லெட்ஜரைக் காட்டினேன். ஓணம் வாரத்தில் காலியாக இருந்த வரிகளையும் காட்டினேன். செப்டம்பர் 104-ஐயும் 8.1-ஐயும் காட்டினேன். அம்மா எட்டாவது வரை படித்தவள். விரலை வைத்து வரிசையாகப் படித்தாள். 228, 241, 251. "இதெல்லாம் எழுதி வெச்சிருக்கியே" என்றாள். பிறகு, "அவர் நோட்டுல இந்த மாதிரி நம்பரே கிடையாது."

அன்றைக்குச் சாயந்திரத்திலிருந்து அம்மா வேறு ஆள். நவராத்திரி அல்லவா, தினம் ஒரு சுண்டல். கொண்டைக்கடலை, பச்சைப்பயறு, மொச்சை, காராமணி. அதுவே என் ராத்திரிச் சாப்பாடு ஆனது. ஒரு பெரிய கிண்ணம் சுண்டல், ஒரு கிண்ணம் கீரை, மோர். ரெண்டு மணி நேரம் கழித்து 138, 142, 131. டப்பா டப்பாவாக விலை கொடுத்துப் புரதம் வாங்கிக்கொண்டிருக்கிறோம், ஒன்பது நாளும் கொலுப்படிக்குக் கீழே அது உட்கார்ந்திருக்கிறது! பக்கத்து வீட்டுச் சேச்சியிடம் அம்மா பயறுத் தோரன் கற்றுக்கொண்டாள். பாஷை தெரியாமலே ரெண்டு பேரும் அரை மணி நேரம் பேசினார்கள். ஊருக்குக் கிளம்பும்போது என் சோற்றுக் கப்பை எடுத்துத் தங்கமணி கையில் கொடுத்து, "தலையைத் தட்டிப் போடு, குவிச்சுப் போடாதே" என்றாள்.

*

தனியாகச் செய்கிற காரியம் இல்லை இது என்பதுதான் எனக்குக் கிடைத்த பாடம். இதே திருவனந்தபுரம் மாவட்டத்தில், நெய்யாற்றின்கரை தாலுகாவில், ஸ்ரீசித்திரா நிறுவனத்தின் அச்சுத மேனன் மையத்துக்காரர்கள் வெளிநாட்டு ஆய்வாளர்களோடு சேர்ந்து ஒரு சோதனை நடத்தினார்கள். 60 வாக்குச்சாவடிப் பகுதிகள், சர்க்கரை நோய் வரும் ஆபத்தில் இருந்த 1007 பேர். அக்கம்பக்கத்துக்காரர்களே குழுவாகக் கூடி, அவர்களில் ஒருவரே தலைமை தாங்கி, சாப்பாடு, நடை என்று பேசிக்கொள்ள வேண்டும். ரெண்டு வருஷ முடிவு 2018-ல் வந்தது. குழு இல்லாதவர்களில் 17.1 சதவீதம் பேருக்கு நோய் வந்தது, குழுவில் இருந்தவர்களில் 14.9. புள்ளியியல் கணக்குப்படி இது பெரிய வித்தியாசம் என்று சொல்ல முடியாது, அவர்களும் நேர்மையாக அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள். சென்னையில் டாக்டர் ராமச்சந்திரன் குழுவினர் 531 பேரை வைத்துச் செய்த சோதனையில் (2006) சாப்பாட்டையும் நடையையும் மாற்றியதாலேயே நோய் வருவது 28.5 சதவீதம் குறைந்தது. இவை ரெண்டும் வருவதற்கு முன் தடுப்பது பற்றி. எனக்கு வந்தே விட்டது. ஆனாலும் அந்த அக்கம்பக்கக் குழு யோசனை எனக்குப் பிடித்தது.

ஆபீஸில் கேட்டுப் பார்த்தேன். எட்டுப் பேரில் மூன்று பேர் வித்தவுட்! இதுவரை யாரும் யாரிடமும் சொன்னதில்லை. இப்போது நாலு டிபன் பாக்ஸும் ஒரே மேஜையில் திறக்கிறது. சாப்பிட்டதும் பத்து நிமிஷம் கார் நிறுத்துமிடத்தைச் சுற்றி நடை. சாயந்திரம் முடிந்தால் மியூசியம் வளாகத்தில் நாலு சுற்று.

டிசம்பரில் டெஸ்ட். முந்தின ரெண்டு நாளும் வழக்கம் போலவே சாப்பிட்டேன், வேண்டுமென்றே. வெறும் வயிற்றில் 118. செப்டம்பரை விட அதிகம். எச்பிஏ1சி 6.8. எடை 76. டாக்டர் அம்மா 118-ஐப் பார்க்கவே இல்லை, 6.8-ஐப் பார்த்துச் சிரித்தார். "இது உள்ளதாணு" என்றார். இது நிஜம் என்று அர்த்தம்.

மாத்திரை தொடர்கிறது. நிறுத்துவதா குறைப்பதா என்பது அவர் முடிவு, என் முடிவு இல்லை. எடை நன்றாகக் குறைத்தால் மாத்திரை இல்லாமலே கட்டுக்குள் வர முடியும் என்று பிரிட்டனில் 2017-ல் காட்டியிருக்கிறார்கள். தீவிரமாக எடை குறைக்க வைத்தவர்களில் 46 சதவீதம் பேருக்கு ஒரு வருஷத்தில் அது நடந்தது. ஆனால் அது மருத்துவக் கண்காணிப்பில் செய்தது. வீட்டில் நாமாகப் பட்டினி கிடந்து செய்கிற வேலை இல்லை, முக்கியமாக இன்சுலினோ வேறு மாத்திரைகளோ எடுப்பவர்களுக்குச் சர்க்கரை திடீரென்று தாழ்ந்துபோகும் ஆபத்து உண்டு.

அம்மாவுக்குப் போன் செய்து ரெண்டு எண்ணையும் சொன்னேன். "முன்னாடி 104 வந்துதே, இப்ப 118-ங்கறியே?" என்றாள். அது டெஸ்டுக்காக வந்தது, இது தானாக வந்தது என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. "சரி, எழுதி வெச்சுக்கோ" என்றாள்.

எழுதி வைத்துவிட்டேன். டிசம்பர் முழுக்க ஒரு வரிகூடக் காலி இல்லை. கிறிஸ்துமஸ் கேக் ஒரு துண்டு, 189. அதுவும் இருக்கிறது :-)

வெளியூரில், வெளிநாட்டில் இருக்கிற நம் ஆட்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். வீட்டில் யாருக்காவது இது இருந்தது என்றால் நீங்களும் ஒரு முறை பார்த்துவிடுங்கள். பார்க்கிறபோது, டெஸ்டுக்கு முந்தின ரெண்டு நாள் எப்போதும் போலவே சாப்பிடுங்கள்.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை, பி.காம். என் தட்டில் நடந்ததைச் சொன்னேன். உங்கள் தட்டுக்கு உங்கள் டாக்டரைக் கேளுங்கள்.